மேடா, பள்ளமா?

இருமலுக்குத் திப்பிலி வாங்குவதற்காக நேற்றுக் காலை கீழமாசி வீதியில் உள்ள நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவருக்குக் கடைக்காரர் தகர டப்பாவிலிருந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். வாடை வந்ததுமே அது என்ன எண்ணெய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிந்த ஒன்றைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. அந்த மனிதர் போனபிறகு, "நீரடிமுத்து எண்ணெய்தானே?" என்றேன்.

"அதேதான் ஐயா. இனி எம்புட்டு நாளைக்கு ஓடுமோ. அந்த வியாதிக்கு இப்பப் புதுசா மாத்திரை வந்துருக்காம்ல. அது இங்கிட்டும் வந்துருச்சுன்னா இந்த டப்பாவைக் கழுவிக் கவுத்திர வேண்டியதுதான்."

"மாத்திரையா?"

"ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னாரு. முழுங்குனாப் போதுமாம். ஊசியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்."

உடனே உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சோழவந்தானுக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். நீ இல்லை என்பது அதற்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. திப்பிலி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் எழுதப்போவது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

முதல் கடல்பாம்பை நீ கொண்டுவந்த நாளிலிருந்து தொடங்குகிறேன்.

நாம் இருவரும் கல்லூரியில் ஒரே ஆய்வுக்கூடத்தில் விலங்கியல் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். மாணவர்களுக்கு அறுத்துக்காட்டத் தவளையும் கரப்பானும் சேகரிப்பது என் பொறுப்பு. கடல் உயிர்கள் உன் பொறுப்பு, உன் தாய்மாமன் கீழக்கரையில் வலைகளுக்குச் சொந்தக்காரராக இருந்ததால். ராமநாதபுரத்து ரயிலிலிருந்து மண்ணெண்ணெய்த் தகரங்களோடு நீ இறங்கி, ஜட்கா வண்டி முழுவதும் கடல் வாடை அடிக்க வந்து சேர்வாய். அன்று ஒரு தகரத்தின் வாய் சாக்குத் துணியால் கட்டியிருந்தது. ஆய்வுக்கூட அட்டெண்டர் மாயாண்டி அதை எடுக்கக் குனிந்தவன் நிமிர்ந்துவிட்டான்.

"அண்ணே, மீனுதான கொண்டாருவீக? உள்ள என்னமோ நெளியுது."

"மீனைத் திங்கிறவன்டா. கையை விட்டுறாத. நாகப்பாம்புக்குத் தம்பி."

"தம்பிய அண்ணன் வீட்டுலயே விட்டுட்டு வந்துருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போன மாயாண்டி அன்று முழுவதும் திரும்பி வரவில்லை.

நாம்தான் அதைச் சிமெண்டுத் தொட்டியில் விட்டோம். தகரத்திலிருந்து சரிந்தபோது நனைந்த கயிறு போலத் துவண்டு விழுந்தது. தண்ணீருக்குள் போனதும் வேறு பிராணியாக மாறிவிட்டது. துடுப்பு மாதிரித் தட்டையான வாலை அது ஒருதரம் வீசியதில் தொட்டியின் மறு கரைக்குப் போய்விட்டது. நீ தொட்டியின் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய்.

"கரையில இருக்கிற பாம்புக்கு உடம்பு பூரா ஏதாச்சும் பட்டுக்கிட்டே இருக்கும் மாப்ள. மண்ணு, கல்லு, புல்லு. தரை அதிர்ந்தாத் தாடையில தெரிஞ்சுரும். இவனோட பாட்டன் அம்புட்டையும் விட்டுட்டுக் கடலுக்குப் போயிட்டான். வயித்துக்குக் கீழ ஒண்ணுமில்ல. கலங்குன தண்ணியில கண்ணும் உதவாது. பெறகு எதை வச்சுப் பொழைச்சான்?"

"மோப்பமா இருக்கும் போல" என்றேன்.

"ஒனக்கு 'போல'ங்கிறதை விட்டா வாயே வராது. மோப்பம் சரி. வேற?"

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிப்பதற்குள் நீ பதிலோடு வந்துவிட்டாய். தொட ஆள் இல்லாத இடத்தில் தண்ணீரே தொடும் என்றாய். பக்கத்தில் மீன் நகர்ந்தால் தண்ணீர் அசையும். அந்த அசைவு தோலில் படும். கரையில் உரசலை உணர்ந்த அதே தோல், கடலுக்குப் போனபின் அசைவை உணரப் பழகியிருக்க வேண்டும். எத்தனை தலைமுறையோ, பழையதைத் தூக்கிப் போடாமல் அதையே கூர்மையாக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருந்தது. எனக்கோ நன்றாக இருப்பது எதுவும் உடனே சந்தேகத்தைத் தரும். நீ தொட்டியின் நடுவே ஒரு பலகையைத் தொங்கவிட்டுப் பாம்பின் பார்வையை மறைத்தாய். மறுபுறம் மெல்லிய கண்ணாடிக் குச்சியைத் தண்ணீரில் விட்டு லேசாக அசைத்தாய். பாம்பு தலையைத் திருப்பியது. நம் காலடி அதிர்வாக இருக்கும் என்றேன். பாம்பை மரத்தொட்டிக்கு மாற்றி, அடியில் சாக்குகளை மடித்து வைத்தோம். மறுபடி திரும்பியது. குச்சியில் உன் கை வாடை இருக்கும் என்றேன். குச்சியைக் கழுவித் துணியால் பிடித்தாய். மறுபடி திரும்பியது. ஜன்னல் வெளிச்சத்தில் நிழல் விழுந்திருக்கும் என்றேன். ஜன்னல்களைச் சாத்தினாய்.

"நீ இருக்கிற வரைக்கும் இந்தப் பாம்புக்கு ஒரு பேரும் கிடைக்காது மாப்ள" என்று சிரித்தாய். ஆனால் ஒருமுறையும் கோபப்பட்டதில்லை. என்னைப் போன்ற ஒருவன் பக்கத்தில் இருப்பது நல்லது என்று நீ மட்டும்தான் நினைத்தாய். நானே அப்படி நினைத்ததில்லை.

அந்தப் பாம்பு சில நாளில் இறந்தது. அதன் தலைச் செதில் ஒன்றைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் நம் பெரிய வழக்கு ஆரம்பித்தது. செதில் முழுவதும் பொட்டுப் பொட்டாக இருந்தது. நீ பார்த்துவிட்டு, "மேடு. ஒவ்வொண்ணும் ஒரு குட்டி மேடு. தண்ணி இதுலதான் வந்து படுது" என்றாய். நான் பார்த்தேன். எனக்குப் பள்ளமாகத் தெரிந்தது. வைசூரித் தழும்பு மாதிரி. கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தை மாற்றினோம். இப்போது எனக்கு மேடு, உனக்குப் பள்ளம். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் அந்தக் கருவியில் அதுதான் தொல்லை. ஒளி வரும் பக்கத்தைப் பொறுத்து மேடும் பள்ளமும் இடம் மாறிக்கொள்ளும்.

ஒப்பிடுவதற்காக எடுத்த சாரைப்பாம்பின் தலைச் செதிலிலும் பொட்டுகள் இருந்தன, ஆனால் குறைவாக. கரைப்பாம்பில் தட்டையாக இருப்பது கடல்பாம்பில் மேடாக எழும்பியிருந்தால் உன் எண்ணம் நிற்கும். பள்ளம் என்றால் விழும். எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது.

கண் ஏமாற்றினால் விரலைக் கேட்கலாம் என்று சொன்னது நீதான். உங்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. புதுத் துணியில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க உன் அத்தா அதன்மேல் மெல்லிய மல் துணித் துண்டை விரித்து, அந்தத் துண்டின்மேல் விரலை ஓட்டுவாராம். விரல் வழுக்கிக்கொண்டு போகும்போது, வெறும் விரலுக்குச் சிக்காத முடிச்சும் சிக்கிவிடுமாம். செதிலையும் அப்படிப் பார்க்கலாம் என்றாய். சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து பழகிய விரல் உன்னுடையது.

நீ தடவினாய். மறுபடி தடவினாய். "ஒண்ணும் தெரியலையே" என்றாய். துணி தடிமன் என்று சொல்லி வேறு துணி கொண்டுவந்தாய். அப்போதும் தெரியவில்லை. இடது கையால் தடவினாய். உன் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. செதில் காய்ந்துவிட்டது, அதுதான் காரணம் என்று முடிவுசெய்தோம். நானும் அதை ஒப்புக்கொண்டேன். அன்று பார்த்து எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம். பிற்பகல் வகுப்பு முடிந்து மாணவர்கள் போய்விட்டார்கள். நீ ஸ்பிரிட் விளக்கில் ஒரு கண்ணாடிக் குச்சியைக் காய்ச்சி வளைத்துக்கொண்டிருந்தாய். கீழக்கரையிலிருந்து மாமு அடுத்த பாம்பு அனுப்புகிறார் என்று ஏதோ சொல்லிக்கொண்டே, மேசைமேல் வைத்த குச்சியை எடுத்தாய், காய்ச்சிய முனையைப் பிடித்து. எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாய். மாமு வண்டியில் ஏற்றிவிட ஆள் தேடியது, அந்த ஆள் தகரத்துக்குள் பாம்பு என்று தெரிந்ததும் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொண்டது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு மயிர் கருகுவது போன்ற வாடை வந்தது.

"மாப்ள, கை" என்றேன்.

"என்ன கை?"

நீ குனிந்து பார்த்தாய். குச்சியை மெதுவாகக் கீழே வைத்தாய். தோல் வெந்து வெளுத்திருந்தது. நாம் இருவரும் அந்த விரல்களைப் பார்த்தோம். பக்கத்துத் தொட்டியில் அப்போது பாம்பு எதுவும் இல்லை. ஏனோ நாம் இருவரும் அந்தத் தொட்டியையும் பார்த்தோம்.

டாக்டரிடம் உன்னோடு நான் வந்தேன். அவர் ஒரு கோழி இறகை எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்கங்க. தொடுறப்பெல்லாம் ம் சொல்லுங்க" என்றார். கழுத்தில் தொட்டார், ம் என்றாய். தோளில் தொட்டார், ம் என்றாய். பிறகு இறகு முழங்கைக்குக் கீழே இறங்கியது. மணிக்கட்டு, உள்ளங்கை, ஒவ்வொரு விரலாகப் போனது. மறு கைக்கும் போனது. நீ மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாய். சற்றுப் பொறுத்து, "ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றாய்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

தொழுநோய் என்று அவர் சொன்ன பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நீயே வேலையை விட்டுவிட்டாய். உங்கள் காஜிமார் தெரு வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள் என்பதால், சோழவந்தானில் உங்கள் குடும்பத்துக்கு இருந்த வெற்றிலைக் கொடிக்காலின் ஓரத்தில் ஓர் அறை கட்டிக்கொண்டு போனாய். உன் தம்பி வாரத்துக்கு ஒருநாள் நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட உன்னைக் கூட்டிப்போவான். உன் அறை முழுவதும் அந்த எண்ணெய் வாடையாகிவிட்டது.

நான் வருவேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும், மழை வரும் போலிருந்தால் குடையோடு கூட இன்னொரு குடையை எடுத்துக்கொள்கிறவன். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்படியிலிருந்து திரும்பாமலே, "பிள்ளைக இருக்குற வீடு" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "போறதுன்னாப் போங்க. வந்ததும் கெணத்தடியில குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றாள். கிளம்பும்போது கையில் ஒரு டப்பா முறுக்கைக் கொடுத்தாள். "டப்பாவைத் திருப்பி வாங்கிட்டு வந்துராதீக."

அதை உன்னிடம் அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று ரயிலில் திரும்பும்போது வருந்தினேன். நீயோ, "தங்கச்சி கெட்டிக்காரி. முறுக்குக்கு முறுக்கு, டப்பாவுக்கு டப்பா" என்றாய். அடுத்தடுத்து நான் வந்தபோதெல்லாம் அலமாரியில் டப்பாக்கள் கூடிக்கொண்டே போயின. அவற்றில் செதில்களைப் போட்டு வைத்திருந்தாய்.

எனக்கு ஒரு நாற்காலி வாசலுக்கு வெளியே போட்டிருப்பாய். உன் கட்டில் உள்ளே. நான் கொஞ்சம் நகர்த்தினால், "அங்கேயே உக்காரு மாப்ள. ஒனக்கும் எனக்கும் தொண்டை நல்லாத்தான இருக்கு" என்பாய். கொடிக்காலில் தண்ணீர் பாயும் சத்தத்துக்கு மேலே நாம் பேசிக்கொள்வோம். பேச்சு எங்கே சுற்றினாலும் அந்தக் கேள்வியில் வந்து நிற்கும். மேடா, பள்ளமா. சிறிது காலத்தில் உன் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. நீ அவற்றைப் பற்றிப் பேசமாட்டாய். கடல்பாம்பைப் பற்றித்தான் பேசுவாய்.

"கரையிலிருந்து போறப்ப அதுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல மாப்ள. தண்ணியைத் தோலாலயே படிக்கலாம்னு எவனும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டான். கொஞ்சங்கொஞ்சமா வந்துருக்கு. எனக்குக் கொஞ்சங்கொஞ்சமாப் போகுது. அம்புட்டுத்தான்."

வாய்க்கால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது நீ வாசலிலேயே நின்றிருந்தாய். மாமு அனுப்பிய ஆள் அன்று காலைதான் ஈரச் சாக்கில் ஒரு கடல்பாம்பைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான், செத்து அதிக நேரமாகாதது. கொடிக்காலில் வேலைசெய்கிறவர்கள் ஒரு சாரையையும் அடித்திருந்தார்கள். இரண்டின் தலைச் செதில்களையும் உன் தம்பியை விட்டுப் பிரித்து, வேறு வேறு கண்ணாடித் துண்டுகளில் வைத்து, உப்புத்தண்ணீர் தெளித்து மூடியிருந்தாய். வாசலில் ஒரு முக்காலி. அதன்மேல் கண்ணாடித் துண்டுகள், பக்கத்தில் மல் துணி.

"என் விரல் சாட்சி சொல்லாது. ஒன் விரல் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சுக்கணும் மாப்ள. இனி அடுத்த பாம்பு வர்றப்ப நான் எப்படி இருப்பேனோ."

"என் விரலை நம்பலாமா?" என்றேன். "எனக்கு அப்படி ஒண்ணும் கூர்மை கிடையாது. மேடுன்னு நினைச்சுக்கிட்டே தொட்டா மேடாத்தான் தெரியும்."

"அதுக்குத்தான் கண்ணைக் கட்டிக்கிறே. எது கடல், எது கரைன்னு ஒனக்குத் தெரியாது."

நீ சொன்னபடி என் மேல்துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். நீ கண்ணாடித் துண்டுகளை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நீ பின்னால் நகர்ந்து போய், அங்கிருந்து வழி சொன்னாய். "இடது பக்கம். இல்ல, இன்னும் கொஞ்சம். கீழ." செதில் நகக்கண் அளவுதான். என் விரல் முக்காலியின் விளிம்பில் முட்டியது, துணியைச் சுருட்டியது, ஒரு செதிலைக் கண்ணாடியோடு தள்ளியேவிட்டது. "போச்சு" என்றாய். மறுபடி அடுக்கினாய். மறுபடி என் விரல் தடுமாறியது.

"கையைப் பிடிச்சு வையி மாப்ள" என்றேன்.

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"நான் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள போறேன். பிடி."

எண்ணெய் வாடை கிட்டத்தில் வந்தது. உன் கை என் மணிக்கட்டின்மேல் விழுந்தது. அது கனமாக இருந்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாத கை அப்படித்தான் பிடிக்கும். வலித்தது. நான் சொல்லவில்லை. நீ என் விரலைக் கொண்டுபோய்த் துணியின்மேல் வைத்தாய்.

தடவினேன். வழுவழுவென்று போனது. அடுத்ததில் கொண்டு வைத்தாய். தடவினேன். துணி வழுக்கியது, ஆனால் அடியில் ஏதோ தடுத்தது. பொடி மணல்மேல் பட்டுத்துணி விரித்தது மாதிரி. திரும்பத் தடவினேன். முதலாவதற்குப் போனோம், மறுபடி இரண்டாவதற்கு வந்தோம். நீ இடம் மாற்றி மாற்றி வைத்தாய். நான் மாறவில்லை.

"இது மேடு" என்றேன்.

"மேடு போலவா?"

"மேடு."

என் வாழ்நாளில் வேறு எதையும் நான் அப்படிச் சொன்னதில்லை. நீ சத்தமில்லாமல் மூச்சு விட்டாய். பிறகு, "அது கடல்தான்" என்றாய்.

மறு கையால் கண்கட்டை அவிழ்த்தேன். வெளிச்சம் கூசியது. நீ செதில்களைப் பார்க்கவில்லை, கொடிக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முகம் அழகாக இருந்தது, கல்லூரி நாட்களில் இருந்த மாதிரி. பொழுது போனது தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு நீ திடீரென்று, "கையை விட்டுட்டேன்ல?" என்று கேட்டாய்.

"இல்ல."

குனிந்து பார்த்தாய். உன் விரல்கள் என் மணிக்கட்டைச் சுற்றி அப்படியே இருந்தன. "பாத்தாத்தான் தெரியுது" என்றாய். விட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாய்.

அன்று இதை எழுதி எங்காவது அனுப்பலாம் என்று நீ சொன்னாய். இரண்டு பாம்பு போதாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். மதுரைக்கு வெற்றிலைக் கட்டுகளோடு வந்த உங்கள் கொடிக்கால் ஆள்தான் வந்து சொன்னார். சந்தையில் இறக்குகிற அவசரத்திலும் என் வாசலுக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இவள் அன்று உனக்காக முறுக்குச் சுட்டு வைத்திருந்தாள்.

என்றாவது ஒருநாள் நல்ல கருவி வைத்திருக்கிற யாராவது அந்தச் செதிலைப் பார்த்து மேடா பள்ளமா என்று சொல்லிவிடுவார்கள். என் விரல் தவறியிருக்கவும் கூடும். துணியில் ஒரு நூல் முடிச்சு இருந்திருக்கலாம், காற்றில் வந்த மணல் இருந்திருக்கலாம். இப்படி நான் யோசிப்பேன் என்பதும் உனக்குத் தெரியும்.

ஆனால் அன்று என் மணிக்கட்டின்மேல் உன் ஐந்து விரல்களும் இருந்தன. அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. எவ்வளவு அழுத்தினாய், எந்த விரல் மடங்கியிருந்தது, உள்ளங்கை எவ்வளவு சூடாக இருந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நான்தான் அதை வைத்திருக்கிறேன் மாப்ள. அன்று கிணற்றடியில் குளித்தபோதும் அந்த மணிக்கட்டில் நான் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை.